ஆற்றின் வாயில் ஒரு பூட்டு

ஜொகூர் வரலாற்றுத் தொடர் – 9

ஜொகூர் பாருவின் பழைய கடைத்தெருவில் ஓர் அடகுக் கடை வாசலில் போன மாதம் கொஞ்ச நேரம் நின்றேன். அடகு வைக்க அல்ல, பெயர்ப் பலகையைப் பார்க்க. மலேசியாவில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கடைகள் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கும். வாசலுக்கு நேராக ஒரு மரத் தடுப்பு. உள்ளே நிற்பது யாரென்று தெருவில் போகிறவருக்குத் தெரியக்கூடாது. தடுப்பைத் தாண்டினால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேடை, மேடைக்கு மேல் கம்பி, கம்பிக்குப் பின்னால் ஒரு முகம். மாத வட்டி, ஆறு மாதத் தவணை, கையில் ஒரு சீட்டு. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்திலும் தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அந்தத் தடுப்புக்குப் பின்னால் நின்றிருப்பார்கள்!

பலகையில் 'பாஜாக் காடாய்' என்று எழுதியிருந்தது. வெளியே வந்த ஓர் அம்மாவிடம், "பாஜாக்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"அடகுதான் தம்பி, வேற என்ன?"

"அப்போ காடாய்?"

சற்று யோசித்தார். "அதுவும் அடகுதான்," என்று சொல்லிவிட்டுக் கைப்பையை இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாதி சரி. 'காடாய்' என்றால் அடகு. 'பாஜாக்' என்றால் குத்தகை. 'அடகுக் குத்தகை' என்பதுதான் பலகையின் நேர்ப்பொருள். ஓர் ஊரில் அடகு பிடிக்கும் உரிமையை ஒரே ஆளுக்கு, இத்தனை ஆண்டுக்கு இத்தனை வெள்ளி என்று குத்தகைக்கு விட்ட காலத்தின் மிச்சம் அது. குத்தகைதாரர் போனார், குத்தகைக்கு விட்ட முறையும் போனது, பலகையில் சொல் மட்டும் தங்கிவிட்டது. பக்கத்து நாடான இந்தோனேசியாவில் அதே 'பாஜாக்' இன்று வரி என்ற பொருளில் வழங்குகிறது. குத்தகையும் வரியும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயல் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜொகூரில் அரசாங்க வருமானத்தின் பெரும்பகுதி குத்தகைதான்.

ஒரு பொருளை ஒருவரே விற்கலாம், வேறு யாரும் விற்கக்கூடாது என்ற நிலையை ஆங்கிலேயர் 'மோனோபொலி' என்பார்கள். கிரேக்கத்திலிருந்து வந்த சொல், தனியொருவன் விற்பது என்று பொருள். நம் பத்திரிகைகள் அதை 'ஏகபோகம்' என்று எழுதுகின்றன. இது நேற்றுச் செய்த மொழிபெயர்ப்புச் சொல் அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. பலர் பங்கு போட்டுக்கொள்ளாமல் ஒருவரே அனுபவித்த நிலத்துக்கு அங்கே ஏகபோகம் என்று பெயர். கிரேக்கச் சொல் விற்கிறவனைப் பார்க்கிறது, நம் சொல் அனுபவிக்கிறவனைப் பார்க்கிறது. ஜொகூரைப் பொறுத்தவரை நம் சொல்தான் பொருத்தம். இங்கே ஏகபோகம் யாருக்கு இருந்ததோ அவர் கடை திறக்கவில்லை, தராசு பிடிக்கவில்லை. ஆற்றின் வாயில் உட்கார்ந்திருந்தார்.

போன இதழில் ஜொகூரின் ஆட்சித் தலைவரான தெமெங்கோங் டாயெங் இப்ராஹிமைச் சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் விட்டுவிட்டு வந்தோம். அவர் கையில் இருந்தது என்ன என்று கணக்குப் பார்ப்போம். 1824 ஆகஸ்டு 2-ஆம் தேதி ஆங்கிலேய ரெசிடென்ட் கிராபர்டு எழுதி வாங்கிய ஒப்பந்தத்தில் சிங்கப்பூர்த் தீவு முழுவதும் கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் போனது. சுல்தான் ஹுசேனுக்கு 33,200 ஸ்பானிய வெள்ளியும் மாதம் 1,300-ம். இப்ராஹிமின் தந்தை அப்துல் ரஹ்மானுக்கு 26,800 வெள்ளியும் மாதம் 700-ம். அந்த மாதப்பணம் அவர் ஆயுள் உள்ளவரை. மறு ஆண்டே அவர் காலமானார். மகன் இப்ராஹிமை முறைப்படி தெமெங்கோங்காக ஏற்க ஆங்கிலேயர் 1841 வரை எடுத்துக்கொண்டார்கள். நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பெருங்காடு அவருடையதுதான். ஆனால் காட்டில் ஆள் இல்லை, ஆள் இல்லாத காட்டில் வரி இல்லை. கடற்கொள்ளையில் அவருடைய ஆட்களுக்குப் பங்கு உண்டென்று சிங்கப்பூர் வெள்ளைக்கார வணிகர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள்.

அப்போதுதான் ஒரு மரத்தின் பாலுக்கு மதிப்பு வந்தது.

மலாய்க்காரர் 'தாபான்' என்று சொல்லும் காட்டு மரம். அதன் பாலைக் காய்ச்சினால் கட்டியாகும். வெந்நீரில் போட்டால் களிமண்போல் இளகும், ஆறினால் மரம்போல் இறுகும். மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்யப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரில் இருந்த அறுவை மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி அந்தப் பிடியைப் பார்த்து வியந்து, 1840-களின் தொடக்கத்தில் மாதிரிகளை அனுப்பினார். அதே சமயம் ஜோசே டி அல்மேதா என்ற போர்த்துகீசிய வணிகரும் லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். வெள்ளைக்காரர்கள் அதைக் கட்டாபெர்ச்சா என்றார்கள். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் வாயில் இன்றும் அது இருக்கிறது. வேர்க்குழியை அடைக்க மருத்துவர் செருகும் இளஞ்சிவப்புக் குச்சி அதுதான்.

பல்லுக்காக லண்டன் அதைத் தேடவில்லை. 1847-ல் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் தந்திக் கம்பிக்கு இதை உறையாகப் போட்டுப் பார்த்தார். மின்சாரம் கசியவில்லை, தண்ணீரும் உள்ளே போகவில்லை. கடலுக்கடியில் தந்தி போட உலகத்திலேயே அன்று இருந்த ஒரே உறை இதுதான். அது கிடைத்ததோ மலாய்த் தீவுகளைச் சுற்றிய காடுகளில் மட்டும்.

சிங்கப்பூர் ஏற்றுமதிக் கணக்கைப் பாருங்கள். 1844-ல் ஒரே ஒரு பிக்குல். அடுத்த ஆண்டு 169. அதற்கடுத்த ஆண்டு 5,364. 1847-ல் 9,296. 1848 நடுப்பகுதி வரை சேர்த்தால் மொத்தம் 21,598 பிக்குல். பிக்குல் என்பது நூறு காட்டி, ஏறத்தாழ 60 கிலோ. இதற்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் சுமார் 2,70,000 என்று அக்காலத்தவர் மதிப்பிட்டார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு முழு மரத்துக்கு ஐந்து கிலோகூட இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாது. நம் பாட்டிமார்கள் விடியலில் எழுந்து பால்மரத்தில் கோடு போட்டுவிட்டு வந்தால், அதே மரம் இருபது இருபத்தைந்து ஆண்டு மங்கில் பால் விட்டுக்கொண்டே இருக்கும். தாபான் அப்படி இல்லை. நின்றபடி கீறினால் நூல்போலத் துளிர்த்து அங்கேயே உறைந்துவிடும். அதனால் மரத்தையே சாய்த்து, அடிமுதல் நுனிவரை அடிக்கு ஒரு வளையமாகப் பட்டையைச் செதுக்கி, கீழே தேங்காய்ச் சிரட்டையோ பாளையோ வைத்து வடிப்பார்கள். ஒரு மரம், ஒரு தடவை. வடித்த பாலைக் காய்ச்சிப் பிசைந்து கட்டியாக்கிப் படகில் ஏற்றினால் வேலை முடிந்தது. கிடந்த மரம் காட்டிலேயே மட்கும்.

வெட்டியவர்கள் காட்டுவாசிகளான பூர்வகுடி மக்கள். அவர்களுக்குத் தேவை அரிசி, உப்பு, துணி, இரும்பு. இவை மேலே போவதற்கும் பால்கட்டி கீழே வருவதற்கும் ஒரே பாதை ஆறு. ஜொகூர் ஆறு, தெப்ராவ், ஸ்கூடாய், பூலாய், பெனூட், பத்து பஹாட் என்று ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரே ஒரு வாய்தான். அந்த வாயில் படகை நிறுத்திவிட்டால் காடு முழுவதும் பூட்டியாயிற்று. லட்சம் மரத்துக்குக் காவல் போட வேண்டியதில்லை, பத்து முகத்துவாரத்துக்குப் போட்டால் போதும். தெமெங்கோங்கிடம் படகுக்கும் பஞ்சமில்லை, படகோட்டத் தெரிந்த கடலோடிகளுக்கும் பஞ்சமில்லை. நேற்றுவரை கொள்ளைக்காரர் என்று பெயர் எடுத்தவர்கள் இன்று காவலர் ஆனார்கள். வருகிற பால்கட்டியைத் தெமெங்கோங்கின் ஆட்களே வாங்குவார்கள், விலையையும் அவர்களே சொல்வார்கள். பிறகு சிங்கப்பூரில் அதை விற்பவரும் தெமெங்கோங்தான். காட்டுக்காரனுக்கு அவர் ஒரே வாங்குபவர், வெள்ளைக்காரனுக்கு ஒரே விற்பவர். பொருளாதாரப் பாடநூலில் இவற்றை இரண்டு தனித் தனி அத்தியாயமாகப் போடுவார்கள். ஆற்று வாயில் இரண்டும் ஒரே படகில் நடந்தன.

சிங்கப்பூர் வணிகர்கள் கொதித்தார்கள். நடுக்கடலில் வணிகப் படகுகளை மறித்துத் தெமெங்கோங்குக்கே விற்கச் சொல்லி மிரட்டுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவர்கள் கையில் ஒரு வலுவான தாளும் இருந்தது. 1824 ஒப்பந்தத்திலேயே, தங்கள் ஆளுகைக்குட்பட்ட இடமெங்கும் வணிகத்துக்குத் தளை போடுவதில்லை என்று சுல்தானும் தெமெங்கோங்கும் கையெழுத்திட்டிருந்தார்கள். சட்டப்படி பார்த்தால் வணிகர்கள் சொன்னது சரி.

ஆனால் கவர்னர் பட்டர்வொர்த் தெமெங்கோங் பக்கம் நின்றார். கடற்கொள்ளையை அடக்க உதவினாரென்று 1846-ல் அவருக்கு ஒரு வாளே பரிசளித்தார். வணிகர்களிலும் எல்லாரும் ஒரே பக்கம் இல்லை. கெர் என்ற ஸ்காட்லாந்து வணிகர் தெமெங்கோங்குக்கு நெருக்கமானவர், அவருடைய வணிகத்தைப் பார்த்துக்கொண்டவர். கூச்சல் போட்டவர்கள் பெரும்பாலும் கெர் உட்கார்ந்த நாற்காலி கிடைக்காதவர்கள். தடையில்லா வணிகம் என்ற கொடிக்குக் கீழே நின்று பேசியவர்களில் எத்தனை பேருக்குத் தடை பிடிக்கவில்லை, எத்தனை பேருக்குத் தடையின் சாவி தங்களிடம் இல்லாதது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். என் சந்தேகம் இரண்டாவது கூட்டம்தான் பெரியது.

இன்னொன்றும் உண்டு. அவர்களுடைய சிங்கப்பூர் 'சுங்கமில்லாத் துறைமுகம்' என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. சுங்கம் இல்லையென்றால் கவர்னருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? அபினிக் குத்தகையிலிருந்து. அந்த நூற்றாண்டின் பல ஆண்டுகளில் சிங்கப்பூர் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அது ஒன்றிலேயே வந்தது. அபினியைக் கங்கைச் சமவெளியில் விளைவித்து, பாட்னாவிலும் காஜிப்பூரிலும் பக்குவப்படுத்தி, கல்கத்தாவில் ஏலம் விட்டதும் கும்பெனியின் ஏகபோகம்தான். 1773-லேயே வாரன் ஹேஸ்டிங்ஸ் அதைக் கும்பெனிக் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். நம் பக்கத்தில் சென்னை மாகாண உப்புக்கு 1805-ல் போட்ட பூட்டும் அதே கொல்லன் செய்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ஒரு மலாய்க்காரர் ஆற்று வாயை மறித்தபோது மட்டும் ஒப்பந்தத்தின் ஷரத்தை எடுத்துப் படித்தார்கள்.

லண்டனில் 1845-ல் தொடங்கிய கட்டாபெர்ச்சா கம்பெனி, 1864-ல் கம்பிவடம் செய்யும் நிறுவனத்தோடு இணைந்த பிறகு கடலடித் தந்தித் தொழிலில் கிட்டத்தட்ட தனிக்காட்டு ராஜா. 1870 கடைசியிலும் 1871 தொடக்கத்திலும் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி போட்டார்கள். அதன் உறைக்குள் எந்தக் காட்டின் பால் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஜொகூரில் கைக்கெட்டிய மரங்கள் அதற்குள் சாய்ந்துவிட்டன. வேட்டை சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்துவிட்டது.

மரம் தீர்ந்தால் என்ன, ஆறு இருக்கிறதே! டாயெங் இப்ராஹிமின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். பூட்டு கையில் இருக்கும்போதே உள்ளே வைக்க வேறு சரக்கைத் தேடினார்.

சிங்கப்பூரில் தியோச்சிவ் சீனர்கள் மிளகும் கம்பீரும் பயிரிட்டு வந்தார்கள். கம்பீர் என்றால் சிலருக்குத் தெரியாது. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி என்றால் தெரியும். நம் ஊர்க் காசுக்கட்டி கருங்காலி மரத்திலிருந்து வருவது, இங்கே அதே வேலையைச் செய்வது கம்பீர்ச் செடியின் இலை. இலையைப் பறித்துப் பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்க வைப்பார்கள். சாற்றைத் தொட்டியில் ஊற்றி மரக்கட்டையால் கலக்கிக்கொண்டே இருந்தால் மஞ்சள் களியாக உறையும். துண்டு போட்டுக் காயவைத்தால் கம்பீர். இங்கிலாந்தில் தோல் பதனிடும் ஆலைகள் கொள்ளையாக வாங்கின. வெந்த இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு உரம். அதனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே தொல்லை விறகு. கொப்பரை அணையாது. தோட்டம் எவ்வளவோ அவ்வளவு காடு அடுப்புக்கு வேண்டும். பதினைந்து இருபது ஆண்டில் மண்ணும் செத்துவிடும், விறகும் தீர்ந்துவிடும். 1840-களில் சிங்கப்பூர்த் தோட்டக்காரர்கள் நீரிணைக்கு அப்பால் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

தெமெங்கோங் அழைத்தார். 1844 வாக்கில் 'சூராட் சுங்கை' எழுத ஆரம்பித்தார்கள், ஆற்றுச் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். இன்ன ஆறு, இன்ன எல்லை, இன்னாருக்கு என்று எழுதி முத்திரை வைத்தால் அந்த ஆள் அந்த ஆற்றுக்குக் 'கங்சு', தியோச்சிவ் பேச்சில் ஆற்றுத் தலைவன். படகு வந்து நிற்கும் இடத்தில் அவர் கட்டும் குடியிருப்பு 'கங்கார்', ஆற்றங்கால். ஜொகூர்க்காரர்கள் கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்தப் பெயர்களின் கதை இதுதான். தெப்ராவைத் திறந்தவர் தான் கீ சூன், ஜொகூரில் ஙீ ஹெங் என்ற சீன இரகசியச் சங்கத்தின் முதல் தலைவர். சிங்கப்பூரில் இரகசியச் சங்கங்களை 1890-ல் ஒழித்தார்கள். ஜொகூரிலோ ஙீ ஹெங் ஒன்றுக்கு மட்டும் அனுமதி, வேறு சங்கம் கூடாது. சங்கத்திலும் ஏகபோகம்!

கங்சுவுக்குக் கிடைத்தது நிலம் மட்டுமில்லை. அவர் ஆற்றில் சூதாட்டம் நடத்துவது அவர் உரிமை. பன்றி அறுத்து விற்பது அவர் உரிமை. சாராயம், அடகு, அபினிச் சில்லறை எல்லாம் அவர் கங்காரில், அவர் வைத்த கடையில். 'பாஜாக் காடாய்' என்ற அந்தப் பலகை இப்படிப்பட்ட குத்தகையின் மிச்சம்தான்.

ஒரு கூலியின் கண்ணால் பார்த்தால் இது எப்படி இருந்திருக்கும்? சீனத்துச் சுவாத்தோவிலிருந்து கப்பலில் வந்தவன். கப்பல் கூலியே கடன். பங்சால் என்று சொல்லும் தோட்டக் கொட்டகையில் எட்டுப் பத்துப் பேரோடு தங்கல். விடிந்தால் இலை பறிப்பு, பகலில் கொப்பரை, புகை, காட்டில் புலி. புலிக்குப் பயந்து செத்தவர்களைவிடப் புலியால் செத்தவர்களே அதிகம் என்னும்படி அன்றைய சிங்கப்பூர்ப் பத்திரிகைகளில் புலிச்செய்தி. வேலை முடிந்து உடம்பு நோகும்போது ஒரு சிட்டிகை சண்டு, காய்ச்சிய அபினி. முதலில் வலிக்கு, பிறகு பழக்கத்துக்கு, பிறகு அது இல்லாமல் கை எழாது. விலையைக் கடைக்காரன் கணக்கில் எழுதிக்கொள்வான். அரிசியும் அதே கணக்கில். ஆண்டு முடிவில் கூலி வருவதற்குப் பதில் பாக்கி வரும். வேறு கடைக்குப் போகலாமே என்றால் அடுத்த கடை அடுத்த ஆற்றில். நடுவில் காடு. போகும் வழி ஆறு. ஆற்றின் வாயில் கங்சு.

தோட்டக்காரனும் சுதந்திரமானவன் இல்லை. அவனுக்கு முன்பணம் கொடுத்தவர் சிங்கப்பூர்ப் படகுத்துறையில் இருக்கும் தவ்கே, அதாவது சீன முதலாளி. அரிசியை அவரிடம்தான் சந்தை விலையைவிடக் கூட்டி வாங்க வேண்டும், கம்பீரை அவருக்கேதான் சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுக்க வேண்டும். 1867-ல் தவ்கேக்கள் கூடிக் கம்பீர் மிளகு வணிகர் சங்கம் வைத்துக்கொண்டார்கள். கடன் வாங்கியவன் வேறு தவ்கேயிடம் சரக்கை விற்றுவிடாமல் பார்ப்பது அதன் முக்கியமான வேலை. கம்பீர் விலை விழுந்தாலும் இவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். உண்மையான இலாபம் இலையில் இல்லை, இலை பறிப்பவன் ஊதும் புகையில் இருந்தது. கார்ல் ட்ரொக்கி என்ற வரலாற்றாசிரியர் தெமெங்கோங்குகளைப் பற்றியும் அபினியைப் பற்றியும் இரண்டு தனி நூல்களில் விரித்து எழுதியது ஏறக்குறைய இதைத்தான். தோட்டம் அபினிக்கு வாடிக்கையாளரை வளர்த்தது.

1862-ல் டாயெங் இப்ராஹிம் காலமாகி மகன் அபு பக்கார் வந்தார். 1866-ல் இஸ்கந்தர் புத்ரி என்ற ஊருக்கு ஜொகூர் பாரு என்று பெயர் வைத்து, அதே ஆண்டு நீரிணையைப் பார்த்தபடி இஸ்தானா பெசார் அரண்மனை கட்டி, 1868-ல் மகாராஜா, 1885-ல் சுல்தான். லண்டனுக்குப் போனால் விக்டோரியா மகாராணி வரவேற்கிறார். மற்ற மலாய் அரசுகளில் ஆங்கிலேய ரெசிடென்ட் வந்து உட்கார்ந்தபோது ஜொகூரில் மட்டும் அவர் ஆயுள் முழுவதும் அது நடக்கவில்லை. இந்த மிடுக்குக்கெல்லாம் பணம் எங்கிருந்து என்றால் ஆற்றுச் சீட்டும் குத்தகையும்தான். இதை எழுதும்போது எனக்கு இரண்டு மனம். கூலியின் புகையில் கட்டிய அரண்மனை என்று சொன்னால் அது உண்மை. அந்த வருமானம் இல்லாமல் போயிருந்தால் ஜொகூர் அப்போதே இன்னொருவர் கைக்குப் போயிருக்கும் என்றால் அதுவும் உண்மை.

அபு பக்கார் காலத்துப் பெரிய கங்சு தான் ஹியோக் நீ. தோளில் துணிமூட்டை சுமந்து தெலோக் பிளாங்காவில் வீடுவீடாக விற்றவர். அப்போது இளைஞரான அபு பக்காரோடு பழக்கம் ஏற்பட்டது என்பார்கள். பின்னாளில் பல ஆறுகளின் சீட்டு ஒரே கையில், கூடவே ஜொகூர்ச் சீனர்களின் 'மேஜர்' பட்டம். ஜாலான் தான் ஹியோக் நீ இன்று காப்பிக் கடைகளுக்கும் படம் பிடிக்க வருகிறவர்களுக்கும் பேர்போன தெரு. ராஜமாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். சிங்கப்பூரில் 1880-களில் அவர் கட்டிய சீன மாளிகை தேசிய நினைவுச்சின்னமாக நிற்கிறது.

எல்லா ஏகபோகத்துக்கும் ஓர் ஓட்டை உண்டு. ஜொகூரின் ஓட்டை நீரிணை. ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே இன்று பாலம் போகும் இடத்தில் தண்ணீரின் அகலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். ஜொகூர் அபினிக் குத்தகை ஒருவர் கையிலும் சிங்கப்பூர்க் குத்தகை இன்னொருவர் கையிலும் இருந்தால் என்ன ஆகும்? ஜொகூர்க்காரர் சண்டு விலையை நாலு காசு குறைப்பார். ராத்திரியில் சம்பான் படகில் சரக்கு அக்கரை போகும். சிங்கப்பூர்க் குத்தகைதாரர் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய தொகையோ மாறாது. விற்பனை விழும், ஆள் திவால். காவலுக்கு அடியாள், ஒற்றனுக்கு அடியாள் என்று அவர் வைத்தால் இவரும் வைப்பார். விலையைப் பூட்ட வேண்டுமென்றால் இரண்டு கரையும் ஒரே கையில் இருக்க வேண்டும்.

1870-ல் அப்படியே ஆனது. சிங்கப்பூர் தியோச்சிவ் புள்ளி தான் செங் போ, ஹொக்கியன் புள்ளி சியாங் ஹோங் லிம், ஜொகூரின் தான் ஹியோக் நீ மூவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். நேற்றுவரை குத்தகை ஏலத்தில் ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் பார்த்த ஆட்கள் இவர்களில் இருந்தார்கள். 1879 வரை சிங்கப்பூர், ஜொகூர், மலாக்கா, ரியாவ் என்று நீர் சூழ்ந்த இந்த வட்டாரம் முழுவதும் சண்டு காய்ச்சியது இவர்கள் கொப்பரையில். கல்கத்தாவில் ஏலம் எடுத்த பெட்டி ஒன்றில் நாற்பது உருண்டை இருக்கும். உருண்டையை உடைத்துக் காய்ச்சி வடிகட்டி, தாகில் கணக்கில் நிறுத்துக் கங்கார் கங்காராக அனுப்புவார்கள். கல்கத்தாவில் கும்பெனி வைத்துவிட்டுப் போன ஏகபோகம், நடுவே மூவர் கூட்டின் ஏகபோகம், கடைசியில் ஆற்றுக்கு ஒரு கங்சு. கூலி ஊதிய ஒவ்வோர் இழுப்புக்கும் மூன்று பூட்டைத் தாண்டிய விலை. ஆங்கிலேயர் இதைக் கண்டு மிரண்டது உண்மை. ஏலத்தில் போட்டியிட எதிராளியே இல்லாவிட்டால் அரசாங்கத்துக்கு எப்படி நல்ல விலை கிடைக்கும்? ஒரே விற்பவரை உண்டாக்கப் போய், குத்தகைக்கு ஒரே கேட்பவரை உண்டாக்கிவிட்டார்கள். 1879-ல் தான் செங் போ இறந்ததும் கூட்டு உடைந்தது. அடுத்த ஆண்டுகளில் வெளியூர் முதலாளிகளையும் ஏலத்துக்கு வரவழைத்தார்கள்.

இந்தக் காலத்து ஜொகூரை உள்ளே இருந்து எழுதியவர், அரசின் ஊழியர்களில் ஒருவரான முகமது இப்ராஹிம் முன்ஷி. நாகூர்த் தமிழ் வம்சாவளி கலந்த முன்ஷி அப்துல்லாவின் மகன். 1870-களின் தொடக்கத்தில் அரசு வேலையாக ஜொகூரின் கரைகளையும் மூவாரையும் சுற்றி வந்து பயண நூல் எழுதினார். தெமெங்கோங் குடும்பத்தைத் தந்தை வெளியிலிருந்து விமர்சித்து எழுதியவர், மகன் அதே குடும்பத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதைப் பற்றித் தனியாக ஓர் இதழ் எழுதும் எண்ணம் உண்டு.

முடிவு சத்தமில்லாமல் வந்தது. 1910-ல் சிங்கப்பூரை ஆண்ட நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் அபினிக் குத்தகையை நிறுத்தியது. அபினியை அல்ல, குத்தகையை. இனி அரசே காய்ச்சி அரசே விற்கும் என்று சிங்கப்பூரில் சண்டு ஆலை நடத்தியது. அடிவாரத்தில் அந்த ஆலை இருந்த குன்றுக்கு இன்றும் புக்கிட் சண்டு என்றுதான் பெயர். அந்த இலாகாவுக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே 'ஏகபோகங்கள்' என்ற சொல் இருந்தது, கூச்சமே இல்லாமல். ஜொகூரில் 1914-ல் ஆங்கிலேயப் பொது ஆலோசகர் முழு அதிகாரத்தோடு வந்தார். 1917-ல் கங்சு உரிமைகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. அதற்கு முன்பே ஆறு வெறும் ஆறாகிக்கொண்டிருந்தது. 1909-ல் ஜொகூர் பாருவரை ரயில் வந்துவிட்டது. தண்டவாளத்துக்கு முகத்துவாரம் கிடையாது.

கம்பீர் தின்று துப்பிய மண்ணில் லாலாங் புல் மண்டிக் கிடந்தது. அதை எரித்து, வரிசை பிடித்து, குழிக்கு ஒரு ரப்பர்க் கன்று வைத்தார்கள். கன்று வைக்க நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி நம்மவர்கள் வந்தார்கள். லயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துக்கு ஒரு கடை இருந்தது. அரிசி, கருவாடு, வெல்லம், புகையிலை எல்லாம் அங்கேதான், எல்லாம் கணக்கில். பிரட்டுக்களத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். அடுத்த கடைக்கு ஆறு மைல். அந்தக் கடைக்காரரின் கணக்கு நோட்டை அடுத்த இதழில் பிரிப்போம்.